ஸ்டீவி வொண்டரின் பாடல்களில் ஃபங்க் மிகுந்தது எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஒரு வாசகர், அமெரிக்கப் பாடகரும் பல கருவிகளை வாசிப்பவருமான ஸ்டீவி வொண்டரின் பாடல்களிலேயே ஃபங்க் மிகுந்த பாடல் எது என்று கேட்டிருந்தார். 1972-இல் வெளிவந்த ‘சூப்பர்ஸ்டிஷன்’ என்று இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன். இத்தனை பெரிய கேள்விக்கு இரண்டு வரியா என்று பலர் மனம் வருந்தி எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தமக்குரிய பாடலை முன்வைத்துக் காரணங்களோடு வாதிட்டிருக்கிறார்கள். அவர்களுடைய வருத்தம் நியாயமானது. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்த ஒரு கேள்விக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஃபங்க் என்பதை எதை வைத்து அளக்கிறீர்கள்? கேட்டவுடன் காலைத் தாளம் போடவைக்கும் பாடல் எல்லாமே ஃபங்க் ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. கால் தாளம் போடுவதற்கு ஒழுங்கான நான்கு அடிகள் இருந்தால் போதும். எத்தனையோ நடனப் பாடல்கள் அதை மட்டுமே வைத்துக்கொண்டு வெற்றி பெற்றிருக்கின்றன. ஃபங்க் வேறு வகையானது; 1960-களின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தம் இசைக்குழுவில் செய்த மாற்றத்திலிருந்து பிறந்தது. அதுவரை ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்) என்னும் கறுப்பின அமெரிக்கர் இசைவகைப் பாடல்களில் இரண்டாம், நான்காம் அடிகளில் விழுந்துகொண்டிருந்த அழுத்தத்தை அவர் முதல் அடிக்குக் கொண்டுவந்தார். முதல் அடியில் எல்லோரும் ஒன்றாகச் சேர வேண்டும். அதற்குப் பிறகு அடுத்த முதல் அடி வரும்வரை கிட்டார், தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ், ஊதுகருவிகள் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு சிறு சொற்கட்டைப்போல் தன் பங்கைச் சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும். தாளம் தொடங்கிய பிறகு பாட்டு தொடங்குவதை நாம் அநாகத எடுப்பு என்கிறோம். ஃபங்க் இசையில் ஒவ்வொரு கருவியும் தனக்கென ஓர் எடுப்பை வைத்துக்கொண்டு, மற்றக் கருவி விட்ட இடைவெளியில் வந்து உட்காருகிறது என்று சொன்னால் ஏறக்குறையச் சரியாக இருக்கும்.

நான் வைத்துக்கொள்ளும் சோதனைகள் இரண்டு. பாடலில் ஒரு கருவியை மட்டும் காதால் பிரித்தெடுத்துக் கேட்கும்போது அது தனியே நிற்க முடியாமல் மற்றொன்றுக்காகக் காத்திருப்பதுபோல் தோன்ற வேண்டும் என்பது முதல் சோதனை. ஒரே சொற்கட்டு ஐந்தாறு நிமிடங்கள் திரும்பத் திரும்ப வந்தாலும் அது முடிந்துவிடக் கூடாதே என்ற ஏக்கம் கேட்பவருக்கு வர வேண்டும் என்பது இரண்டாவது. வேகமும் உரத்த ஒலியும் இந்தக் கணக்கில் சேராது.

கேள்வி: ‘சூப்பர்ஸ்டிஷன்’ எல்லோருக்கும் தெரிந்த பாடல் என்பதற்காகவே அதை முதலிடத்தில் வைத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். புகழைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: புகழைக் கழித்துவிட்டே பார்ப்போம். முதலில் டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கிறது. காலால் மிதிக்கும் பெரிய டிரம் நான்கு அடிகளிலும் தவறாமல் விழ, ஸ்னேர் என்னும் சிறு டிரம் இரண்டிலும் நான்கிலும் விழுகிறது. இதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் மேலே ஹை-ஹேட் என்னும் இரட்டைத் தட்டில் கை செய்யும் வேலையைக் கவனியுங்கள். அடுத்தடுத்த இரண்டு ஆவர்த்தங்களில் அது ஒரே மாதிரி வருவது அரிது. ஓரிடத்தில் சற்றே திறந்து மூச்சுவிடுகிறது, இன்னோரிடத்தில் ஒரு சிறு உருட்டு சேர்கிறது, மற்றோரிடத்தில் ஓர் அடி கண்ணிமைக்கும் நேரம் பின்தங்குகிறது. இதை வாசித்தவர் ஸ்டீவி வொண்டரே. பாடலின் மற்ற ஒலிகள் எதுவும் நாடாவில் ஏறாத நிலையில், முழுப் பாடலையும் மனத்துக்குள் பாடிக்கொண்டே முதலில் டிரம்ஸைப் பதிவு செய்தார். அதன்பின் மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் மோக் சின்தசைசரில் பேஸையும், பிறகு கிளாவினெட் என்னும் கட்டைக் கருவியையும் தாமே சேர்த்தார்.

கிளாவினெட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த விவாதம் முழுவதிலும் அந்தக் கருவி வந்துகொண்டே இருக்கும். ஜெர்மனியின் ஹோனர் நிறுவனத்துக்காக எர்ன்ஸ்ட் சகாரியாஸ் என்னும் வடிவமைப்பாளர் உருவாக்கிய கருவி அது. பழைய கிளாவிகார்டின் மின்வடிவம் என்று கொள்ளலாம். கட்டையை அழுத்தினால் அதன் அடியிலுள்ள சிறு ரப்பர் முனை கம்பியை ஓர் உலோகப் பட்டடையோடு அழுத்துகிறது. அந்த அதிர்வை மின்கிட்டாரில் உள்ளதைப் போன்ற பிக்கப்புகள் ஒலியாக்குகின்றன. விரலை எடுத்த உடனேயே, கம்பியில் சுற்றியிருக்கும் நூல் ஒலியை அணைத்துவிடுகிறது. பியானோவைப்போல் ஒலி நீண்டு தேய்ந்து மறைவதில்லை. விரல் இருக்கும்வரை ஒலி, விரல் எழுந்தால் மௌனம். இப்படிப்பட்ட கருவி தாள வாத்தியக்காரரின் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு விடைதான் ‘சூப்பர்ஸ்டிஷன்’. அவருடைய இரண்டு கைகளும் கட்டைகளின் மேல் ஒரு தோல்வாத்தியத்தை வாசிப்பதுபோல் ஒன்றையொன்று இடைமறிக்கின்றன. அதிலும் ஒரே கிளாவினெட் வரியோடு அவர் நிறுத்தவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல வரிகளைப் பதிந்து, அவை ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று நுழையுமாறு செய்திருக்கிறார். அந்தச் சொற்கட்டு அமைந்திருக்கும் சுருதியான ஈ ஃபிளாட் மைனரின் ஐந்து முதன்மைச் சுரங்களும் கறுப்புக் கட்டைகளிலேயே அமைந்துவிடுகின்றன என்பது கீபோர்டு வாசிப்பவர்கள் விரும்பிச் சொல்லும் செய்தி.

ஊதுகருவிகள் நுழையும்போது பெரியதொரு குழு வந்துவிட்டது போலிருக்கும். உண்மையில் டிரம்பெட்டில் ஸ்டீவ் மடேயோ, டெனர் சாக்ஸஃபோனில் டிரெவர் லாரன்ஸ் என இருவரே. இவ்வளவையும் கேட்ட பிறகும் அது புகழால் முதலிடம் பெற்ற பாடல் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1973 ஜனவரியில் அது அமெரிக்கப் பாடல் பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது பாடலின் வலிமையால்தான்.

கேள்வி: அந்தப் பாடலின் டிரம்ஸை வாசித்தவர் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் என்று படித்தேன். உண்மையா?

பதில்: பதிவில் கேட்பது ஸ்டீவி வொண்டரின் டிரம்ஸ். இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. ‘சூப்பர்ஸ்டிஷன்’ இடம்பெற்ற ‘டாக்கிங் புக்’ தொகுப்பின் பதிவுகளுக்கு ஜெஃப் பெக் வந்திருந்தார். ‘லுக்கிங் ஃபார் அனதர் ப்யூர் லவ்’ என்ற பாடலில் கிட்டாரும் வாசித்திருக்கிறார். அதற்கு ஈடாக அவருக்கு ஒரு பாடல் தருவதாகப் பேச்சு. ஒருநாள் தாம் டிரம்ஸில் சும்மா ஒரு தாளத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது ஸ்டீவி உள்ளே வந்து, நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதன்மேல் அந்தச் சொற்கட்டைக் கட்டத் தொடங்கினார் என்று பெக்கே கூறியிருக்கிறார். பெக்குக்கென உருவான அந்தப் பாடலை ஸ்டீவியின் குரலில் தனிப்பாடலாக வெளியிட, ஸ்டீவியின் இசைத்தட்டு நிறுவனமான மோட்டவுன் முந்திக்கொண்டது. பெக், போகர்ட், அப்பீஸ் மூவரும் சேர்ந்த குழு வாசித்த அதே பாடலின் வடிவம் 1973-இல் வெளிவந்தது. அது வலுவான ராக் பாடல். ஆனால் இடைவெளிகளையெல்லாம் கிட்டார் நிரப்பிவிடுவதால் ஃபங்க் மெலிந்துபோய்விட்டது.

கேள்வி: ‘ஹையர் கிரவுண்ட்’ பாடலில் குரல் முதல் கைத்தட்டல் வரை அனைத்தும் அவருடையவை. ‘சூப்பர்ஸ்டிஷ’னுக்கு ஊதுகருவிக்காரர்களின் துணை வேண்டியிருந்தது. அப்படியிருக்க, ‘ஹையர் கிரவுண்’டை எப்படிக் கீழே வைக்கலாம்?

பதில்: 1973-இல் வந்த ‘இன்னர்விஷன்ஸ்’ தொகுப்பில் எனக்கு மிகவும் நெருக்கமான பாடல் அது. அந்தத் தொகுப்பு வெளியாகி மூன்றே நாளில், ஆகஸ்ட் 6 அன்று, வட கரோலினாவில் அவர் பயணம் செய்த கார் மரக்கட்டைகளை ஏற்றிச்சென்ற லாரியின் மீது மோதியது. அவர் நான்கு நாட்கள் நினைவின்றிக் கிடந்தார். நண்பர் ஒருவர் அவருடைய காதருகே குனிந்து இந்தப் பாடலை உரக்கப் பாடியபோது, படுத்திருந்தவரின் விரல்கள் தாளத்துக்கு அசைந்தன. மறுபடியும் முயன்று மேலும் உயரத்தை எட்டும்வரை ஓயமாட்டேன் என்று பாடும் அந்தப் பாடலை, இந்தச் செய்தியைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் கலங்காமல் கேட்க முடிந்ததில்லை.

ஆனால் கேள்வி ஃபங்க் பற்றியது. ‘சூப்பர்ஸ்டிஷன்’ சதுஸ்ர நடையில் செல்கிறது; ஒவ்வோர் அடியும் நான்காகப் பிரிகிறது. ‘ஹையர் கிரவுண்ட்’ திஸ்ர நடை. ஒவ்வோர் அடியும் மூன்றாகப் பிரிந்து உருண்டோடுகிறது. கிளாவினெட்டை அவர் மியூ-ட்ரான் என்னும் வடிகட்டிக் கருவியின் வழியே அனுப்பியிருக்கிறார். கட்டையை எவ்வளவு வலுவாக அழுத்துகிறோமோ அவ்வளவு அகலமாக ஒலி வாய்திறக்கும் கருவி அது. அதனால்தான் அந்தச் சொற்கட்டு மனிதர் முணுமுணுப்பதுபோல் கேட்கிறது. அந்த முணுமுணுப்பு ஓயாமல் முன்னே உந்திக்கொண்டே போகிறது, எங்கும் நின்று இடம்விடுவதில்லை. மலையேறுபவரின் நடை அது, பாடலின் பொருளுக்கு மிகச் சரியாகப் பொருந்தும் நடை. ஆனால் ஃபங்க்குக்கு உயிரான தயக்கம் அதில் குறைவு. பாடல் என்ற அளவில் அதை ‘சூப்பர்ஸ்டிஷ’னுக்கு மேலே வைக்கவும் நான் தயார். ஃபங்க் என்ற அளவில் ஒரு படி கீழேதான் வைப்பேன்.

கேள்வி: பேஸ் கிட்டார் இல்லாமல் ஃபங்க் ஏது? சின்தசைசரில் வாசிக்கும் பேஸில் விரலின் சூடு வராது. என் தேர்வு நேதன் வாட்ஸ் வாசித்த ‘ஐ விஷ்’.

பதில்: உங்கள் தேர்வை மதிக்கிறேன், காரணத்தை மறுக்கிறேன்.

‘ஐ விஷ்’ 1976-இல் வந்த ‘சாங்ஸ் இன் த கீ ஆஃப் லைஃப்’ தொகுப்பில் இருக்கிறது. சிறு வயதுக் குறும்புகளை எண்ணி ஏங்கும் பாடல். அந்த ஆண்டுக் கோடையில் மோட்டவுன் நிறுவனத்தார் கூடிக் களித்த ஒரு நாளின் மகிழ்ச்சியில் பிறந்தது. நேதன் வாட்ஸின் பேஸ் ஏறி இறங்கி நடந்துகொண்டே இருக்கிறது. ரேமண்ட் பவுண்ட்ஸின் டிரம்ஸ் அதற்கு ஒரு நேர்கோடு போட்டுக்கொடுக்கிறது, ஸ்டீவியின் ஃபெண்டர் ரோட்ஸ் பியானோ அதே நடையைப் பகிர்ந்துகொள்கிறது. இதுவும் ‘சூப்பர்ஸ்டிஷ’னைப் போலவே, ‘ஹையர் கிரவுண்’டைப் போலவே, ஈ ஃபிளாட்டை ஆதாரமாகக் கொண்டது என்பதைக் கவனியுங்கள். ஒரே இடத்தில் நின்றுகொண்டு மூன்று வெவ்வேறு வீடுகளை அவர் கட்டியிருக்கிறார். இம்மூன்றில் ‘ஐ விஷ்’ மிகவும் மகிழ்ச்சியானது, மிகவும் வழவழப்பானதும்கூட. ஒரு குழு சேர்ந்து வாசிப்பதன் கொண்டாட்டம் அதில் இருக்கிறது.

சின்தசைசர் பேஸில் சூடு வராது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. 1974-இல் வெளிவந்த ‘பூகி ஆன் ரெகே உமன்’ பாடலின் பேஸை ஒருமுறை கேட்டுப்பாருங்கள். அது மோக் சின்தசைசர், வாசித்தவர் ஸ்டீவி. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்கிறது, சில இடங்களில் ஏப்பம் விடுவதுபோல் குமிழியிடுகிறது, சில இடங்களில் வர வேண்டிய சுரத்தை வராமலே விட்டுவிடுகிறது. நரம்பும் மரமும் இல்லாத ஒரு பெட்டியிலிருந்து இவ்வளவு உடல்தன்மை வாய்ந்த பேஸ் வந்ததால்தான், பின்னால் வந்த எத்தனையோ ஃபங்க் குழுக்கள் பேஸ் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைகளுக்கு வந்தன.

கேள்வி: அந்தப் பாடல் ரெகேயா, ஃபங்க்கா?

பதில்: பெயரில் மட்டுமே ரெகே. தாளம் முழுக்க ஃபங்க்.

கேள்வி: இந்த ஒலிகளுக்கெல்லாம் அவருடன் வேலைசெய்த இரண்டு பொறியாளர்களே காரணம் என்று ஒரு கருத்து உண்டு. அப்படியானால் அவர்களுக்கும் பங்கு தர வேண்டாமா?

பதில்: நிச்சயமாகத் தர வேண்டும். 1971 மே மாதத்தில் ஸ்டீவிக்கு 21 வயது நிறைந்தது. சிறுவனாகக் கையெழுத்திட்ட மோட்டவுன் ஒப்பந்தம் அத்துடன் முடிவுக்கு வந்தது. அந்த மாத இறுதியிலேயே அவர் நியூயார்க்கில் மால்கம் செசில், ராபர்ட் மார்கோலெஃப் இருவரையும் தேடிச் சென்றார். அவர்கள் வெளியிட்டிருந்த ‘ஜீரோ டைம்’ என்ற சின்தசைசர் இசைத்தட்டைக் கேட்டிருந்ததே காரணம். பல நிறுவனங்களின் சின்தசைசர்களை ஒன்றாக இணைத்து, ஓர் அறையையே அடைக்கும் அளவுக்கு அவர்கள் வளர்த்திருந்த டான்டோ என்னும் கருவிதான் ‘மியூசிக் ஆஃப் மை மைண்ட்’ முதல் ‘ஃபுல்ஃபில்லிங்னஸ் ஃபர்ஸ்ட் ஃபினாலே’ வரையிலான நான்கு தொகுப்புகளின் ஒலிக்கு அடிப்படை. ஸ்டீவி கட்டைகளை வாசிக்கும்போது, அதே கணத்தில் அவ்விருவரும் குமிழ்களைத் திருகி ஒலியின் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தார்கள். பேஸ் வாய்திறப்பதும் மூடுவதும் பல இடங்களில் மூன்று மனிதர்களின் கைவேலை. இதைச் சொல்லாமல் அந்தப் பாடல்களை ஒருவருக்கு மட்டும் உரிமையாக்குவது நியாயமாகாது.

கேள்வி: ஃபங்க் என்றால் கோபமும் வேண்டும். ‘யூ ஹேவன்ட் டன் நத்திங்’ பாடலை யாரும் ஏன் சொல்வதில்லை?

பதில்: நீங்கள் சொல்லிவிட்டீர்களே, மகிழ்ச்சி. 1974 ஆகஸ்ட் தொடக்கத்தில் வெளிவந்த பாடல். அதே வாரத்தில் அமெரிக்க அதிபர் நிக்ஸன் பதவி விலகினார். பெயரைச் சொல்லாமலேயே, வாக்குறுதிகளைக் கேட்டுக்கேட்டுச் சலித்துவிட்டது என்று அவரை நோக்கிப் பாடிய பாடல் அது. ஊதுகருவிகள் கண்டிப்பதுபோல் வெட்டி வெட்டி வருகின்றன. ஜாக்சன் ஃபைவ் சகோதரர்களைத் தம்மோடு சேர்ந்து பாடச் சொல்லிப் பாடலுக்குள்ளேயே பெயர்சொல்லி அழைக்கிறார். அவர்களும் ‘டூ டூ வாப்’ என்று எதிர்க்குரல் கொடுக்கிறார்கள். நவம்பரில் அது முதலிடத்தைப் பிடித்தது. கிளாவினெட்டின் அழுக்கான ஒலியை நேசிப்பவர்களுக்கு ‘சூப்பர்ஸ்டிஷ’னைவிட இதுவே ஒருபடி மேல் என்று தோன்றலாம். எனக்குக் குறையாகத் தெரிவது ஒன்றுதான். பாடல் முழுவதும் ஒரே உயரத்தில் நின்று குற்றம் சாட்டுகிறது. சிரிப்பும் சீற்றமும் கலந்து வரும் நெளிவு இதில் இல்லை.

கேள்வி: 1970-களைப் பற்றியே பேசுகிறீர்கள். டெட்ராய்ட்டில் அவர் சிறுவனாகப் பாடிய காலத்தில் ஃபங்க் இல்லையா?

பதில்: விதை இருந்தது. 1965-இல் வந்த ‘அப்டைட்’, 1967-இல் வந்த ‘ஐ வாஸ் மேட் டு லவ் ஹர்’ இரண்டையும் கேளுங்கள். பின்னதில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் ஓரிடத்தில் நில்லாமல் பாடகரோடு போட்டியிடுகிறது. 1968-இல் வந்த ‘ஷூ-பி-டூ-பி-டூ-டா-டே’ பாடலிலேயே கிளாவினெட் வந்துவிட்டது. ஆனால் இவற்றைவிட முக்கியமானவர் மோட்டவுனின் டிரம்ஸ் கலைஞர் பென்னி பெஞ்சமின். அவர் 1969-இல் மறைந்தார். ஸ்டீவி தம் டிரம்ஸ் வாசிப்புக்கு அவரையே ஆசானாகக் கருதினார். ‘சூப்பர்ஸ்டிஷன்’ பாடலின் முதல் சில நொடிகளில் நான் மேலே விவரித்த அந்த ஹை-ஹேட் ஒரு மாணவர் ஆசிரியருக்குச் செலுத்திய வணக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: பிற்காலப் பாடல்களில் எதையும் சேர்க்க மாட்டீர்களா? ‘பிளாக் மேன்’, ‘ஆல் டே சக்கர்’, ‘டூ ஐ டூ’ இவையெல்லாம் இல்லாத பட்டியல் ஒரு பட்டியலா?

பதில்: ‘ஆல் டே சக்கர்’ பாடலைச் சேர்த்ததற்கு நன்றி. ‘சாங்ஸ் இன் த கீ ஆஃப் லைஃப்’ இரட்டைத்தட்டுக்குள் தனியே வைக்கப்பட்ட நான்கு பாடல் கொண்ட சிறு தட்டில் ஒளிந்திருப்பதால் பலர் அதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். அழுத்தமும் நெரிசலும் மிகுந்த ஃபங்க், முதல் பத்தில் தாராளமாக இடம் உண்டு. ‘பிளாக் மேன்’ எட்டு நிமிடங்களுக்கு மேல் நீளும் வரலாற்றுப் பாடம். கேரி பர்டுடன் சேர்ந்து எழுதியது. அதன் இறுதியில் ஆசிரியர்கள் கேள்வி கேட்கக் குழந்தைகள் உரக்க விடை சொல்லும் பகுதியில் தாளம் சற்றும் தளர்வதில்லை. 1982-இல் வந்த ‘டூ ஐ டூ’ பாடலில் ஜாஸ் கலைஞர் டிஸி கில்லஸ்பி டிரம்பெட் வாசிக்கிறார். அது ஆனந்தமான பாடல். ஆனால் அதன் மனம் ஜாஸில் இருக்கிறது.

கேள்வி: எல்லாக் கருவிகளையும் ஒருவரே வாசித்தால், நீங்கள் சொல்லும் அந்த உரையாடல் எப்படி நடக்கும்? ஒரு மனிதர் தம்மோடு தாமே பேசிக்கொள்வது ஃபங்க் ஆகுமா?

பதில்: வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் யோசிக்கவைத்த கேள்வி இது. ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் ஒவ்வொருவரும் தலைவரின் கைச்சைகையைப் பார்த்துக்கொண்டு, தவறினால் அபராதம் கட்ட வேண்டுமே என்ற விழிப்போடு வாசித்தார்கள். அந்த விழிப்பு இசையிலும் கேட்கும். ஸ்டீவியின் பதிவுகளில் அந்தக் கண்காணிப்பு இல்லை. டிரம்ஸ் வாசிக்கும்போதே பின்னர் வரப்போகும் பேஸ் எங்கே தாமதிக்கும், குரல் எங்கே மூச்செடுக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆகவே டிரம்ஸ் முன்கூட்டியே வழிவிட்டு நிற்கிறது. வேறொருவர் வாசித்த டிரம்ஸாக இருந்தால் பிழை என்று தோன்றக்கூடிய ஒரு சிறு தடுமாற்றத்தை, அடுத்த சுற்றில் பேஸ் அதே இடத்தில் தானும் தடுமாறி அழகாக்கிவிடுகிறது. முறையாகப் பயின்ற டிரம்ஸ் கலைஞரின் கச்சிதம் அவரிடம் இல்லை என்று சிலர் குறைசொல்வதுண்டு. அந்தக் கச்சிதமின்மையில்தான் அவருடைய ஃபங்க் குடியிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: ஐயா, நீங்களும் சரி, மற்றவர்களும் சரி, ‘டாக்கிங் புக்’ தொகுப்பில் ‘சூப்பர்ஸ்டிஷன்’ மட்டும்தான் இருப்பதுபோல் பேசுகிறீர்கள். அதே தட்டில் ‘மேபி யுவர் பேபி’ இருக்கிறது. மெதுவாகச் செல்லும் பாடல் என்பதாலா ஒதுக்கிவிட்டீர்கள்?

பதில்: உங்கள் கடிதம் வந்த பிறகு அந்தப் பாடலைப் பல நாட்கள் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒதுக்கியது என் பிழை. சென்ற இதழில் எழுதிய பதிலை இப்போது மாற்றிக்கொள்கிறேன்.

காலப்பிரமாணம் மெதுவானால் இடைவெளிகள் அகலமாகின்றன. அகலமான இடைவெளியைத் தாங்கிப்பிடிப்பது கடினம். சற்று அவசரப்பட்டாலும் பாடல் சரிந்துவிடும். ஏறக்குறைய ஏழு நிமிடங்கள் செல்லும் இந்தப் பாடலில் மோக் பேஸ் சேற்றில் கால்வைத்து நடப்பதுபோல் நடக்கிறது: ஒரு காலை ஊன்றுகிறது, நிற்கிறது, மனமில்லாமல் மறுகாலை இழுக்கிறது. கிளாவினெட் இங்கே துள்ளுவதில்லை, அடித்தொண்டையில் உறுமுகிறது. அதன்மேல் ரே பார்க்கர் ஜூனியரின் கிட்டார் நீண்ட, முறுக்கிய கோடுகளாகப் புலம்புகிறது. அவர் அப்போது இருபது வயதை எட்டாத இளைஞர். அந்தக் கிட்டாரைத் தவிர மற்ற அனைத்தும் ஸ்டீவியுடையவை.

நான் இத்தனை காலம் கவனிக்கத் தவறியது குரல்களை. தன் காதலி தன்னைவிட்டு வேறொருவரை நாடிவிட்டாளோ என்று கலங்கும் மனிதனின் பாடல் இது. அவன் தன் கலக்கத்தைச் சொல்லச் சொல்ல, பின்னணிக் குரல்கள், அவள் வேறு ஏற்பாடு செய்துகொண்டிருக்கக்கூடும் என்று அவனிடம் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அந்தக் குரல்கள் எல்லாமே ஸ்டீவியின் குரல்தான். நாடாவின் வேகத்தை மாற்றிப் பதிந்ததால் சில கீச்சென்றும் சில கனத்தும் ஒலிக்கின்றன. ஊரார் கூடிப் பேசுவதுபோல் கேட்கும் அந்தக் கூட்டம் முழுவதும் அவனுடைய தலைக்குள்ளேயே இருக்கிறது. முந்தைய கேள்வியில் ஒரு வாசகர், ஒருவர் தம்மோடு தாமே பேசிக்கொள்வது ஃபங்க் ஆகுமா என்று கேட்டார் அல்லவா? அதற்கான முழு விடை இந்தப் பாடலில் இருக்கிறது. ஒரே மனிதர் எல்லாவற்றையும் வாசிப்பது மற்றப் பாடல்களில் ஒரு பதிவு முறையாக இருந்தது. இங்கே அதுவே பாடலின் பொருளாகிவிட்டது. சந்தேகப்படுபவன் தூக்கமில்லாமல் ஒரே எண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வருவதும், ஒரே சொற்கட்டு விடாமல் சுற்றி வருவதும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

முதல் பதிலில் நான் சொன்ன இரண்டு சோதனைகளிலும் இந்தப் பாடல் ‘சூப்பர்ஸ்டிஷ’னைவிடக் கடினமான பாதையில் சென்று வெற்றிபெறுகிறது. இதில் ஊதுகருவிகள் வந்து உற்சாகமூட்டுவதில்லை. வேகம் துணைக்கு வருவதில்லை. பாடல் மெல்ல மறையும்போதும் எதுவும் தீர்ந்துவிடவில்லை. என் புதிய வரிசை: முதலில் ‘மேபி யுவர் பேபி’, அடுத்து ‘சூப்பர்ஸ்டிஷன்’, மூன்றாவதாக ‘பூகி ஆன் ரெகே உமன்’. அதற்குக் கீழே ‘ஐ விஷ்’ எங்கே, ‘யூ ஹேவன்ட் டன் நத்திங்’ எங்கே, ‘ஹையர் கிரவுண்ட்’ எங்கே என்பதை நீங்கள் எழுதுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.

கேள்வி: இவரை இதுவரை கேட்டதில்லை. இந்த விவாதம் புரிய வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ‘டாக்கிங் புக்’ தொகுப்பை இசைத்தட்டின் வரிசைப்படியே கேளுங்கள். முதல் பக்கத்தின் முதல் பாடல் ‘யூ ஆர் த சன்ஷைன் ஆஃப் மை லைஃப்’, வெயில் காய்வது போன்ற இதமான காதல் பாடல். அது முடிந்தவுடன் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ‘மேபி யுவர் பேபி’ தொடங்கும்; காதல் சந்தேகமாகத் திரும்பும் இடம் அது. இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டால் முதலில் வருவது ‘சூப்பர்ஸ்டிஷன்’. முதல்முறை கேட்கும்போது குரலை விட்டுவிட்டு, இரண்டு பாடல்களிலும் பேஸை மட்டும் பின்தொடர்ந்து செல்லுங்கள்.